பெரியவரிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள்

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரியில் உங்கள் மாங்கூழ் ஆலையின் மூத்த ஆபரேட்டர் சீசன் முடிந்ததும் ஓய்வு பெறுகிறார், தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னால் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிட்டார் என்று வருந்தியிருக்கிறீர்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பெங்களூரா மாம்பழத்தின் பதம் அவர் கைக்குத் தெரியும். அதை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்?

1985இல் ஒசாகாவின் மட்சுஷிதா நிறுவனம் வீட்டு ரொட்டி இயந்திரம் செய்தபோது மாவு சரியாகப் பிசையப்படவில்லை. மென்பொருள் எழுதும் ஒரு பெண், ஓட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயின்றார். அந்தக் கலைஞர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதை அந்தப் பெண் அங்கேதான் கண்டுகொண்டார்.

நீங்களும் இரண்டு இளைஞர்களை உங்கள் பெரியவருடன் நிறுத்துங்கள். ஒருவர் போதாது, அவர் ஓசூருக்கு வேலை மாறினால் மீண்டும் இதே நிலைதான். பெரியவர் முடிவு சொல்வதற்கு முன் இவர்கள் பழத்தின் பதம் பற்றித் தங்கள் கணிப்பைச் சொல்லட்டும், பிறகு சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் பாருங்கள். கணிப்பு தவறும்போதுதான் அவர் காரணத்தைச் சொல்வார். குறிப்பை இளைஞர்களே எழுதட்டும்.

ஊக்கத்தொகை ஒவ்வொருவரின் தனி உற்பத்திக்கு மட்டும்தான் என்றீர்களே, அது எனக்கு வேதனையாக இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பெரியவருக்கு வருமானம் குறைகிறது. முதலில் அதை மாற்றுங்கள்.