உறங்கும் இதயத்தசை: கேள்வியும் பதிலும்

இதயக்குழாய் அடைப்பால் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) குறைந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை. பதில் சொல்பவர் ஓர் இதயநோய் மருத்துவர்.

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 62 வயது. எக்கோவில் பம்பிங் 30 சதவீதம், முன்சுவர் அசையவில்லை என்று வந்திருக்கிறது. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. "அந்தப் பக்கம் செத்துப்போச்சு, இனி பைபாஸ் பண்ணி என்ன ஆகப்போகுது" என்கிறார் சித்தப்பா. உண்மையா?

பார்க்காமல் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். சுவர் அசைகிறதா என்று எக்கோ காட்டும். அசையாமல் கிடப்பது ஏன் என்பதைச் சாதாரண எக்கோ உறுதியாகச் சொல்லாது. அங்கே தழும்பு இருக்கலாம். உயிரோடு இருந்தும் வேலையை நிறுத்திக்கொண்ட தசையும் இருக்கலாம். இரண்டாவதைத்தான் ஹைபர்னேட்டிங் மயோகார்டியம், உறங்கும் தசை என்கிறோம்.

வருமானம் குறைந்த வீடு செலவைச் சுருக்கிக்கொண்டு பிழைப்பதைப் போல, போதிய ரத்தம் வராத தசை சுருங்கி விரியும் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்லுக்குள் சுருங்கும் இழைகள் குறைந்து, அந்த இடத்தில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்திருக்கும். வழக்கமாகக் கொழுப்பு அமிலத்தை எரிக்கும் செல், குளுக்கோஸுக்கு மாறியிருக்கும். பைபாஸுக்குப் பிறகு அசையாத சுவர்கள் மறுபடி அசைவதைக் கண்டு, 1980களில் இந்தக் கருத்தை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர் அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா.

கேள்வி: என் ஈசிஜியில் 'க்யூ வேவ்' இருக்கிறது. அப்படியென்றால் அந்தத் தசை போய்விட்டதுதானே?

இல்லை. க்யூ வேவ் என்பது பழைய மாரடைப்பின் தடயமாகக் கருதப்படும் ஈசிஜி கோடு. அது உள்ள பகுதியிலும் உயிருள்ள தசை கணிசமாக இருக்கக்கூடும். ஈசிஜியை மட்டும் வைத்து நம்பிக்கையைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: 'ஸ்டன்னிங்' என்றும் ஒன்று சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. மாரடைப்பில் குழாயைத் திறந்து ரத்தம் சீராக ஓட ஆரம்பித்த பிறகும், தசை சில மணி நேரமோ சில நாட்களோ அதிர்ச்சியில் ஓய்ந்து கிடப்பது ஸ்டன்னிங். அது தானாகவே தெளியும். தசை உறக்கத்தில் ரத்தக் குறைபாடு நீடித்தே இருக்கிறது. ஆனால் எல்லைக்கோடு அவ்வளவு கறாரானதில்லை. உறங்கும் தசைக்கு ஓய்வில் வரும் ரத்தம் பலரிடம் ஏறக்குறைய இயல்பாகவே இருப்பதை, ரத்த ஓட்டத்தையும் குளுக்கோஸ் பயன்பாட்டையும் படமெடுக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. நடந்தால், படியேறினால் கூடுதலாக வர வேண்டிய ரத்தம்தான் வருவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப ஏற்படும் ஸ்டன்னிங்தான் உறக்கமாக முடிகிறது என்று கருதுவோர் உண்டு.

கேள்வி: எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

உங்கள் ஊரில் எது நன்றாகச் செய்யப்படுகிறதோ அதைப் பொறுத்தது. எல்லாமே ஒரே கேள்வியை வேறு வேறு வழியில் கேட்கின்றன.

டோபுடமைன் எக்கோவில், இதயத்தை வேகமாக வேலைசெய்யத் தூண்டும் அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே திரையைப் பார்ப்போம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 5, பிறகு 10 மைக்ரோகிராம். அதுவரை சும்மா கிடந்த சுவர் உள்நோக்கித் தடித்துச் சுருங்க ஆரம்பிக்கும். அளவை இன்னும் கூட்டினால் அதே சுவர் மறுபடி நின்றுவிடும். வேலை கூடியும் அதற்கேற்ற ரத்தம் வராததுதான் காரணம். முதலில் தேறி, பிறகு சோர்வது என்ற இந்த இரட்டைப் போக்குதான் உறங்கும் தசைக்கு நல்ல அடையாளம். தழும்பு எந்த அளவிலும் அசையாது.

பெட் ஸ்கேனில் ரத்த ஓட்டம் குறைந்த இடமே குளுக்கோஸை நன்றாக இழுத்தால், தசைக்கு உயிர் இருக்கிறது. ஓட்டம், குளுக்கோஸ் இரண்டும் குறைவென்றால் தழும்பு. தாலியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் தாலியம் ஸ்கேனில், முதல் படத்தில் காலியாகத் தெரிந்த இடம் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து நிரம்புகிறதா என்று பார்ப்போம்.

எனக்கு மிகவும் பிடித்தது எம்ஆர்ஐ. கடோலினியம் என்ற நிறவேறுபாட்டு மருந்தைச் செலுத்திச் சற்றுப் பொறுத்து எடுக்கும் படத்தில் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். சுவரின் தடிமனில் எவ்வளவு பங்கு வெள்ளை என்பதை அளந்துவிடலாம். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், அசைவு கெட்டிருந்தும் வெள்ளையே இல்லாத பகுதிகளில் 78 சதவீதம் சிகிச்சைக்குப் பின் தேறின. முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையாக இருந்த 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. பாதிக்குப் பாதி இருப்பவற்றில் யாரும் உறுதி சொல்ல முடியாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள் அந்தப் பாதிப்பை டெஸ்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: தசைக்கு உயிர் இருக்கிறது என்று வந்துவிட்டால் பைபாஸோ ஸ்டென்டோ செய்தாக வேண்டும், அப்படித்தானே?

அப்படி நேர்க்கோடு போட முடியாது. பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள 1212 பேரை, மருந்து மட்டும் கொடுப்பதையும் பைபாஸும் சேர்த்துச் செய்வதையும் ஒப்பிட்ட ஸ்டிச் ஆய்வு எடுத்துக்கொண்டது. பத்தாண்டு முடிவு 2016இல் வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதமும், பைபாஸும் செய்துகொண்டவர்களில் 59 சதவீதமும் இறந்திருந்தார்கள். பைபாஸ் உயிர் காக்கிறது. ஆனால் டெஸ்ட் எடுத்த 601 பேரில், உயிருள்ள தசை இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் என்று நிரூபிக்க முடியவில்லை. போதிய உயிருள்ள தசை இல்லை என்று வந்தவர்கள் வெறும் 114 பேர், எம்ஆர்ஐயும் பெட்டும் அதில் இல்லை. எனவே அதை வைத்து டெஸ்டே வீண் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஸ்டென்ட் கதை வேறு. பிரிட்டனின் ரிவைவ்ட் ஆய்வில் உயிருள்ள தசை இருப்பதை உறுதிசெய்த 700 பேரில், மரணமோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேருவதோ ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 37.2, வைக்காதவர்களுக்கு 38.0 சதவீதம். வித்தியாசமே இல்லை.

அறுவை ஆபத்து அதிகம், நெஞ்சுவலியும் இல்லை, செய்யலாமா வேண்டாமா என்று தராசு ஊசலாடும்போது டெஸ்ட் உண்மையில் உதவும். இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்போடு நெஞ்சுவலியும் இருப்பவர் டெஸ்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று வாரம். எக்கோவில் பம்பிங் அப்படியே இருக்கிறது. தோற்றுவிட்டதா?

பொறுங்கள். இழந்த இழைகளைச் செல் திரும்பக் கட்ட வேண்டும். சிலருக்கு வாரங்கள், பலருக்கு மாதங்கள், நீண்டகாலம் உறங்கிய தசைக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை பீட்டா பிளாக்கர் போன்ற இதயச் செயலிழப்பு மருந்துகளை "ஆபரேஷன்தான் ஆச்சே" என்று அம்மா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பிங் எண் ஏறாவிட்டாலும் பைபாஸ் செய்ததன் பாதுகாப்பு அவருக்கு உண்டு.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

எடுக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இதயம் குளுக்கோஸைச் சரியாக இழுக்காது, படம் மங்கும், நல்ல தசையும் செத்ததுபோல் தோன்றும். அதனால் குளுக்கோஸும் இன்சுலினும் கொடுத்துத் தயார்செய்த பிறகே எடுப்பார்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, போடும் இன்சுலின் எல்லாவற்றையும் தேதி வாங்கும்போதே எழுதிக் கொடுத்து, அன்று காலை எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.