ஒரே நாளில் நூறு நடுகல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அமெரிக்காவில் இருந்தபோது ஜியோகேச்சிங் விளையாடியவர். யாரோ ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அதன் ஜி.பி.எஸ். இடத்தை இணையத்தில் போட்டுவிடுவார்கள். நாம் தேடிப்போய் எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, டப்பாவைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். நெவாடாவில் ஒரே நாளில் அதிக டப்பா எடுக்கும் குழுச் சாதனைக்கு அவர் முயன்றிருக்கிறார். ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் குதித்து எடுக்க, ஒருவர் பெயர் எழுதுவதற்குப் பதில் முத்திரை குத்த, இரவு பகலாக ஓட்டமாம்.

இங்கே அவ்வளவு டப்பாக்கள் கிடையாது. ஆனால் நம்மிடம், சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக அந்தக் காலத்தில் நட்ட நடுகற்கள் இருக்கின்றனவே என்று தோன்றியது. ஐந்து பேர் சேர்ந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் 24 மணி நேரத்தில் 100 நடுகல் பார்ப்பதாகத் திட்டம். இரண்டு வண்டிகளாகப் பிரிந்து போய்க் கூட்டிக் கணக்குச் சொல்லலாம் என்கிறார் ஒருவர். அது ஏமாற்று என்கிறார் இன்னொருவர். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முடிந்தபின் எல்லாக் கல்லின் ஜி.பி.எஸ். இடத்தையும் பொதுவில் போட நினைக்கிறோம். விளையாட்டுத்தனம் என்று திட்டிவிடுவீர்களோ என்று பயமாகவும் இருக்கிறது. முடிந்தால் நீங்களும் வாருங்கள்.

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

திட்ட மாட்டேன். திட்டும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டு. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் அதை நீக்கினார்கள். மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியைப் புதைத்து வைத்து, இடத்தின் எண்களை வெளியிட்டுவிட்டார். உள்ளே இருந்த பொருட்களில் ஒன்று, ஒரு டின் பீன்ஸ். வானத்தில் சுற்றும் இத்தனை செயற்கைக்கோள்களையும் ஒரு டின் பீன்ஸைத் தேடப் பயன்படுத்தலாம் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் உலகம் சகிக்கும்படி இருக்கிறது.

உங்கள் நண்பர் ஓடிய நெவாடா சாலையையும் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச தூரத்திலேயே பாலைவனச் சாலையோரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் வைத்துவிட்டார்கள். தேடுவதற்கே வேலை இல்லை, எண்ணுவதற்கென்றே வைத்தவை. 24 மணி நேரத்துக்கு 86,400 நொடி. ஆயிரம் எடுக்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு 86 நொடி, பயணமும் சேர்த்து. இதில் ஒரு தந்திரமும் உண்டு. எடுத்த டப்பாவை அங்கேயே நின்று திறந்தால் நேரம் போகும். அதனால் கையோடு கொண்டுவந்த பழைய டப்பாவை அங்கே வைத்துவிட்டு, புதியதைக் காருக்குள் எடுத்துவந்து, வண்டி ஓடும்போதே முத்திரை குத்தி, அடுத்த இடத்தில் வைப்பார்கள். நாள் முடிவில் ஒவ்வொரு டப்பாவும் ஓர் இடம் தள்ளிப் போயிருக்கும். இதெல்லாம் ஆட்டமா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை.

நான் அந்த ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். டப்பா எல்லாம் ஒரே மாதிரி. எதை எங்கே வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எண்ணுவதற்கென்று செய்த பொருளை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அந்த விதிப்படி ஒரு பக்கத்தில் மட்டும் 280 டப்பா வைக்கலாம். தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில், தெருவில் ஒருவர் ஒளித்த டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். அங்கேயே அப்படி. சுங்கச்சாவடிப் பக்கத்தில் பாலத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவும் ஐந்து இளைஞர்களை நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எனக்குத் தகுதி இல்லாத கதை.

1996 மே. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2004இல்தான் பிரிந்தது. நாங்கள் மூன்று பேர், ஒரு எம்-80, ஒரு டி.வி.எஸ்.-50. இலக்கு 36 நடுகல். ஏன் 36? கேமராவில் இருந்த பிலிம் சுருளில் 36 படம்தான் எடுக்க முடியும். கல்லுக்கு ஒரு படம். சாதனை என்ற சொல்லெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஆனால் வெறி உங்களுடையதேதான். (அந்தப் பிலிம் சுருள் வரும் சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, ஜியோகேச்சிங்காரர்கள் பல இடங்களில் ஒளித்து வைப்பது அதையேதான். எங்கள் வீட்டில் அதில் விபூதி இருந்தது.)

காலை ஐந்தரைக்கு அரூரில் கிளம்பினோம். பத்து மணிக்குள் ஐந்து கல். ஏழாவது கல்லுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. ஓர் ஆட்டுப்பட்டியின் ஓரம், புளியமர நிழலுக்கு வெளியே, வெயில் நேர் உச்சியில். ஒரு வீரன், கையில் வில், காலடியில் ஏதோ தேய்ந்த உருவம். நண்பன் படம் எடுத்தான். நான் நோட்டில் எழுதினேன்: ‘வில் வீரன். எழுத்தில்லை.’ மூன்று நிமிடம் இருந்திருப்போம். பட்டியில் இருந்த அம்மா, “இருங்க கண்ணு, மோர் குடிச்சிட்டுப் போங்க” என்றார். நேரமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தோம்.

அன்றைக்கு 11 கல் பார்த்தோம். இரண்டு பஞ்சர்.

பல வருடம் கழித்து, ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர் அதே கல்லை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தார். வீரனின் தலைக்கு மேல் இரண்டரை வரி வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம். தொறு என்ற சொல் தெளிவாகப் பதிந்திருந்தது. தொறு என்றால் ஆநிரை, மாட்டு மந்தை. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் கல் அது. காலடியில் நான் ‘ஏதோ’ என்று பார்த்தது மாடு. அவர் என்னிடம் வந்து, “உங்க பழைய குறிப்புல எழுத்தில்லைன்னு போட்டிருக்கீங்களேண்ணா” என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

வேறொன்றுமில்லை, வெயில்தான் காரணம். இந்தக் கருங்கல்லில் எழுத்தை ஆழமாக வெட்டுவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருட மழையில் அதுவும் கரைந்திருக்கும். சூரியன் தலைக்கு மேல் இருந்தால் வெட்டுக்குள் நிழல் விழாது, கல் வெறும் கல்லாகத் தெரியும். காலையும் மாலையும் ஒளி சாய்வாக விழும்போது எழுத்து தானாக எழுந்து நிற்கும். நடுப்பகலில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் போர்வையைப் பிடித்து வெயிலை மறைக்க, ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியை அடிக்க வேண்டும். மைதா பூசுவது, சாக்பீஸால் வரைவது எல்லாம் கூடவே கூடாது. கல் கெடும். அதைவிட மோசம், நீங்கள் வரைந்த எழுத்தையே அடுத்து வருபவர் படிப்பார்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 24 மணி நேரம் என்கிறீர்கள். வெளிச்சம் 13 மணி நேரம்தான். 100 கல் என்றால் கல்லுக்கு எட்டு நிமிடம்கூட இல்லை, அதில் பயணமும் அடக்கம். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து அருமையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அடுத்தவர் கொல்லையில் டார்ச்சோடு நின்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காட்டுக் கற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வனத்துறை அனுமதி வேண்டும், யானையின் அனுமதியும் வேண்டும்.

நூறு என்ற எண்தான் முக்கியம் என்றால் சுலப வழி ஒன்று உண்டு. தருமபுரியில் தொல்பொருட்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகத்துக்குப் போங்கள், நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அதை முடித்துவிட்டுக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகம். நெவாடா சாலை மாதிரியே வசதி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதைப் படிக்கும்போதே ‘அது கணக்கில் வராது’ என்று உங்களுக்குத் தோன்றுகிறது இல்லையா? ஏன் வராது என்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் விதிகளில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். அங்கே நிற்பவையும் ஒருகாலத்தில் ஏதோ வரப்பில் நின்றவைதான். சில கற்கள் அந்தப் பாக்கியமும் இல்லாமல் துணி துவைக்கவும் வாய்க்கால் மூடவும் போயிருக்கின்றன. இடம் மாறிய டப்பா தந்திரம் நமக்கும் புதிதில்லை.

இரண்டு வண்டியாகப் பிரிவது பற்றிக் கேட்டீர்கள். என் தீர்ப்பு: கூடாது. ஜியோகேச்சிங்கிலும் கறாரான ஆட்கள் குழுவில் எல்லோரும் ஒவ்வொரு இடத்திலும் நின்றிருக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள். போர்வை பிடிக்க, கண்ணாடி பிடிக்க, எழுத, ஊர்க்காரரிடம் பேச என்று உங்களுக்கே ஐந்து பேர் தேவைப்படும்.

பேச என்றேனே, அது முக்கியம். ஜியோகேச்சிங்கில் அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும். இங்கே அக்கம்பக்கத்தாரிடம் கேட்காமல் ஒரு கல்லும் கிடைக்காது. அதுவும் “நடுகல் எங்கே இருக்கு” என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “வேடியப்பன் கோயில் எங்கே” என்று கேளுங்கள். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பனாகத்தான் கும்பிடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளுமாக இருக்கும், துடைக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பெரும்படை என்பது படையல். அது இன்னும் பல ஊர்களில் நிற்கவில்லை. பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் நடுவே போய் நின்று, படம் எடுத்துக்கொண்டு எட்டு நிமிடத்தில் கிளம்ப உங்களால் முடியுமா? முடிந்தால் நீங்கள் என்னைவிட மோசம்.

ஜி.பி.எஸ். இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று ராத்திரியில் தோண்டிக் கல்லைச் சாய்க்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு நீங்கள் வழிகாட்டிப் பலகை நட வேண்டாம். படத்தையும் வாசகத்தையும் போடுங்கள். இட விவரத்தைத் தொல்லியல் துறையிடம் கொடுங்கள்.

நேரம் இருந்தால் மாவட்டத்தைத் தாண்டி ஒரே ஒரு கல்லை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசைப்படுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கச் செத்த ஒருவனுக்கு எடுத்தது. அவனோடு அவன் நாயும் கல்லில் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். கணக்கில் இதை ஒன்றாகச் சேர்ப்பதா இரண்டாகச் சேர்ப்பதா என்று உங்கள் குழு சண்டை போடலாம்.

நான் வருகிறேன். நாங்கள் அன்று போன மாதிரி மே மாதம் வேண்டாம், தை மாதம் வைத்துக்கொள்வோம். பகல் இன்னும் சுருங்கும்தான், ஆனால் வெயில் சாய்வாகவே இருக்கும். எனக்கு வயதாகிவிட்டது, குதித்து இறங்கும் வேலை கொடுக்காதீர்கள். போர்வை பிடிக்கிறேன். என் பழைய நோட்டையும் கொண்டுவருகிறேன், அந்த 11 கல்லும் அதில் இருக்கிறது. முதலில் ஆட்டுப்பட்டிக்குப் போவோம். அந்த அம்மா இப்போது இருக்கிறாரா தெரியவில்லை, பட்டி இருக்கிறது.

ஒரு வேலை மட்டும் உங்களுடையது. கற்பூரத்தை ஓசூரிலேயே மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு ஊர்க் கடையிலும் ஒரு பாக்கெட் வாங்குங்கள். எந்த வேடியப்பனுக்கு என்று கடைக்காரர் கேட்பார். அப்புறம் போனை உள்ளே வைத்துவிடலாம்.