தலையணை உறையில் பெயரெழுத்துத் தைக்க: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஒரு சோடித் தலையணை உறை தைக்கிறன். ரெண்டு பேற்ற எழுத்திலயும் எது பெரிசா வரவேணும்?

பதில்: இரண்டும் ஒரே உயரம்தான். மூன்றெழுத்துப் போட்டு நடுவில் வரும் குடும்பப்பெயரின் எழுத்தைப் பெரிதாக்குவது குடும்பப்பெயர் வைத்திருப்பவர்களின் வழக்கம். எங்களுக்கு அது பொருந்தாது. ஒன்றரை அங்குல உயரத்தில் பக்கம் பக்கமாகப் போடுங்கள். உறையின் நடுவில் வேண்டாம், கன்னத்தில் உரசும். வாய்ப்பக்க மடிப்புக்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டால் அழகு. துணியை முதலில் நனைத்துக் காயவைத்து அயன் பண்ணுங்கள். பருத்தித் துணி முதல் தோய்ச்சலில் சுருங்கும், நூல் அந்தளவுக்குச் சுருங்காது. எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுவது பெரும்பாலும் இதனால்தான். உறையைப் பொருத்த முன்னமே எழுத்தைத் தைத்து முடியுங்கள். பிறகென்றால் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் போடவும் இடமிராது, அடித்துணியும் சேர்ந்து தைபடும்.

கேள்வி (முள்ளியவளை): அக்கா, ‘ண’ தைச்சால் சுழியெல்லாம் அடைபட்டுப் போகுது.

பதில்: மூன்று சுழியையும் நிரப்புத் தையலால், அதாவது இழைகளை நெருக்கமாக அடுக்கித் தைத்தால் அடைபடத்தான் செய்யும். நேர்க்கோடுகளை மட்டும் நிரப்புங்கள். சுழிகளுக்குக் காம்புத் தையல், அதாவது கயிறுபோல் வரும் மெல்லிய கோட்டுத் தையல், ஆறிழை நூலில் இரண்டு இழை போதும். ஒவ்வொரு சுழியின் உள்ளேயும் ஒரு பயறு கிடக்குமளவு வெளி வேண்டும். கீறும்போது பென்சிலை விட்டுத் தடித்த மார்க்கர் பேனையால் கடதாசியில் எழுதிப் பாருங்கள். மார்க்கரில் அடைபடும் சுழி நூலிலும் அடைபடும். எழுத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. ‘ழ’வுக்கும் இதே கணக்கு.

மெய்யெழுத்தின் புள்ளிக்கு முடிச்சுத் தையல், நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றுங்கள். வெளியே வந்த அதே துளையால் ஊசியை இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். துணியின் ஓரிழை தள்ளி இறக்குங்கள்.

கேள்வி (மாங்குளம்): சாதாரண கால்மெசினில எழுத்துப் போடேலுமோ? எனக்குக் கீழ நூல் குவியுது.

பதில்: தாராளமாகப் போடலாம். துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றுங்கள், துணியை நகர்த்தும் பல்லை இறக்குங்கள். இறக்க முடியாத மெசினில் தையல் நீளத்தைப் பூச்சியமாக்குங்கள். இதற்குப் பிறகு பலர் மறப்பது ஒன்று: பாதம் இல்லாவிட்டாலும் அதைத் தூக்கும் கம்பியைக் கீழே இறக்கவேண்டும். கம்பி மேலே நின்றால் மேல்நூலுக்கு இறுக்கமே பிடிக்காது. உங்களுக்குக் குவிவதும் அதனாலாக இருக்கலாம்.

வளையத்தைக் கைத்தையலுக்குப் போடுவதற்கு மறுபுறமாகப் போடுங்கள், துணி மெசின் தட்டோடு ஒட்டி இருக்கவேண்டும். விரலால் தட்டினால் பறை மாதிரிச் சத்தம் வரட்டும். பொபின் நூலை (கீழ்நூலை) மேலே எடுத்து, இரண்டு நூல் நுனியையும் பிடித்துக்கொண்டு முதல் நாலு தையலைப் போடுங்கள். காலை ஒரே வேகத்தில் மிதித்து, கையை மெதுவாக நகர்த்துங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் முறியும்.

கேள்வி (வவுனியா): துவாயில எழுத்துத் தெரியுதில்லை.

பதில்: பஞ்சுக்குள் நூல் புதைகிறது. துவாயின் கரையோரம் பஞ்சில்லாத தட்டைப் பட்டி இருக்கும், அதில் தையுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): வெள்ளை உறையில சிவப்பு நூல் சாயம் விட்டிட்டுது.

பதில்: காயவிடாதீர்கள், அயன் வைக்கவே வேண்டாம், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். தண்ணீர் தெளியும்வரை பச்சைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். அடுத்த முறை தைக்க முன் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்த நூலை வெள்ளைத் துணிக்கு எடுக்காதீர்கள்.