பழைய குடும்ப வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? எதிலிருந்து தொடங்குவது?

நாங்கள் மாற்றினோம். தாத்தா கட்டிய வீடு. மாடியில் மூன்று அறை, கீழே இரண்டு. அப்பாவுக்குப் பிறகு பூட்டியே கிடந்தது. விற்க மனம் வரவில்லை, சும்மா வைத்திருக்கவும் கட்டுப்படியாகவில்லை. இப்போது ஆறாவது வருடம் ஓடுகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டில் மெத்தை வாங்கும் முன், கொத்தனாரைக் கூப்பிடும் முன், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு அறையிலும் ஒரு ராத்திரி தங்குங்கள். அந்த வீட்டை இதுவரை பார்த்தே இராத நண்பர் ஒருவரையும் தங்க வையுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

நாங்கள் அதைச் செய்யவில்லை. முதல் விருந்தினர் வந்த பத்தாவது நிமிடம் பின்கட்டுக்குப் போகும் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த நிலை தாழ்வு. பிறந்ததிலிருந்து குனிந்து குனிந்து, குனிகிறோம் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் உயரம் கம்மி. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். நடு அறை விளக்கின் சுவிட்சு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மோட்டார் ஓடும்போது ஹீட்டர் போடக் கூடாது. பழைய வீடு பாதி நம் பழக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதையெல்லாம் ஒயராக, குழாயாக, விளக்காக, கைப்பிடியாக மாற்றுவதுதான் உங்கள் வேலையில் பெரும்பகுதி. அலங்காரம் கடைசியில் வரட்டும்.

மின்சாரத்தை முதலில் பாருங்கள். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். குடும்பத்தில் ஒருவர் குளித்து வந்த பிறகுதான் அடுத்தவர் போவார். விருந்தினர் அப்படியா? எல்லோருக்கும் காலை ஏழரைக்கு ஒரே சமயத்தில் தண்ணீர் சுட வேண்டும். விளக்குக்காக எப்போதோ இழுத்த ஒயர் அதைத் தாங்காது. முழுவதும் புதிதாக இழுத்து, ஒவ்வொரு ஹீட்டருக்கும் தனி லைன் கொடுத்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுவிடுங்கள். செலவுதான், ஆனால் இதில் பேரம் பேசாதீர்கள். எரிவாயு ஹீட்டர் குளியலறைக்குள் இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். வாயு சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அடுத்தது ஈரம். இதில்தான் நாங்கள் நன்றாக அடிபட்டோம். எங்களுடையது சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவர். கீழறைகளில் அடிச்சுவர் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர், ‘நாலடி உயரத்துக்கு சிமென்ட் பூசிவிட்டால் சரியாகிவிடும்’ என்றார். பூசினோம், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம். ஒரு வருடத்துக்குள் ஐந்தடி உயரத்தில் கறை வந்து நின்றது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் என்ன செய்யும்? பூச்சு முடிகிற இடத்தையும் தாண்டி ஏறிப்போய் அங்கே உப்பைக் கக்கும். மொத்தத்தையும் கொத்தி எடுத்து, வெளியே மண்மேட்டைக் குறைத்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் போட்டு, பிறகு சுண்ணாம்பிலேயே பூசினோம். காய்வதற்குச் சுவர் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு சொல்வார்கள். அது ஏறக்குறைய சரிதான். அந்த இரண்டு அறைகளும் பாதி வருடம் சும்மா கிடந்தன.

குளியலறை விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். எல்லா அறைக்கும் ஒட்டினாற்போல் ஒன்று வேண்டும் என்றுதான் தோன்றும். மர உத்தரத்தின் மேல் நிற்கிற மாடியில் தண்ணீர்க் கசிவு என்றால், அது கண்ணுக்குத் தெரிவதற்குள் உத்தரத்தின் நுனி மக்கிப் போயிருக்கும். நாங்கள் மாடி அறைகளில் ஒன்றைத் தியாகம் செய்து, கீழே இருக்கும் குளியலறைக்கு நேர் மேலே இரண்டு குளியலறைகள் வருகிற மாதிரி பிரித்தோம். ஒரே செங்குத்துக் குழாயில் வேலை முடிந்தது. தடுப்புகளைப் பழைய சுவரை உடைக்காமல் வைத்தோம், நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். 1979-ல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம் பழைய கட்டடங்களுக்கு இதைத்தான் சொல்கிறது: தேவையான அளவுக்கு மாற்று, மற்றபடி முடிந்தவரை குறைவாக மாற்று. அப்புறம் கழிவுநீர்த் தொட்டி. ஐந்து பேருக்குக் கட்டியதில் பத்துப் பேர் தங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆள் வராத வாரங்களில் எல்லா குழாயையும் சில நிமிடம் திறந்து விடுங்கள். 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். 1976-ல் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் கூடியவர்களுக்கு நிமோனியா வந்தபோதுதான் அந்தக் கிருமியே தெரியவந்தது. அங்கே கூடியவர்கள் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பினர், கிருமியின் பெயர் அதிலிருந்து வந்தது.

உரிமம், வரி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், உள்ளாட்சியில் நேரில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு காசு கொடுத்துத் தங்குபவரால் வரும் இழப்புக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடும் எழுத்தில்தான். வீடு எனக்கும் தம்பிக்கும் அத்தைக்கும் பொது. கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, யாராவது திடீரென்று வந்து தங்க வேண்டுமென்றால் எந்த அறை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அத்தைக்கு அன்றைக்கு மனவருத்தம்தான். ‘என் வீட்டில் தங்க நான் சொல்லிவிட்டு வர வேண்டுமா’ என்றார். ஆமாம், சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். முன்பதிவு ஆன அறையில் அவர் பெட்டியோடு வந்து உட்கார்ந்த நாளில் அந்தத் தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு சின்ன அறையை மட்டும் எப்போதும் பூட்டி வையுங்கள். புகைப்படங்கள், தாத்தாவின் கணக்கு நோட்டுகள், யாரும் தொடக் கூடாத சாமான்கள் அதற்குள் போகட்டும். உடைந்தால் அழுவீர்கள் என்கிற எதையும் விருந்தினர் அறையில் வைக்காதீர்கள்.

லாபமா? முதல் இரண்டு வருடம் வீட்டுக்குள் பணம் போனதே தவிர வெளியே வரவில்லை. மூன்றாவது வருடத்திலிருந்து வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. எனக்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்த்து கடன் வாங்கி இறங்குவதாக இருந்தால் யோசியுங்கள்.

அந்தத் தாழ்ந்த வாசல் நிலையை நாங்கள் உயர்த்தவில்லை. மேலே ஒரு விளக்கு போட்டு, விளிம்பில் தோல் பட்டை வைத்து அடித்திருக்கிறோம். இருந்தாலும் எப்போதாவது யாராவது இடித்துக்கொள்வார்கள். போன மாதம் இடித்துக்கொண்டது என் தம்பி.