பென்ஸா, பிஎம்டபிள்யூவா? அந்த 20 லட்சம் யாருடையது?

கேள்வி: எனக்கு 46 வயது. கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்கிறேன். பழைய இன்னோவாவை மாற்றிவிட்டு நல்ல கார் ஒன்று வாங்க ஆசை. பென்ஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஓட்டுவதற்கு பிஎம்டபிள்யூ பிடித்திருக்கிறது, பின் சீட்டில் உட்கார பென்ஸ் பிடித்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர், திருப்பூர் போய் வருவேன். 74 வயதான அம்மா என்னோடு இருக்கிறார். எல்லாம் சேர்த்து பிஎம்டபிள்யூ 90 லட்சம் ஆகிறது, பென்ஸ் அதைவிட ஐந்தாறு லட்சம் கூட. 50 லட்சம் லோன் போடலாம், தவணை சிரமமில்லை. கையில் என் பணம் 20 லட்சம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு, அவர் சம்பாதித்து வாங்கிய குடோன் இடத்தைப் போன வருஷம் 1 கோடியே 5 லட்சத்துக்கு விற்றோம். அதில் அக்காவுக்கு என்று 20 லட்சம் எடுத்து வைத்திருக்கிறேன், மீதி தொழிலில் இருக்கிறது. அக்கா அவசரப்படவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. அதை இரண்டு வருஷம் கழித்துக் கொடுத்தால் இப்போது முன்பணம் சரியாகிவிடும். தை மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் வண்டி வந்துவிட்டால் நன்றாக இருக்கும். செலவு, ஓட்டம், சொகுசு மூன்றையும் பார்த்து எது சரி என்று சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: காரைப் பற்றிக் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

இரண்டுமே 2024ல் நீளமான வீல்பேஸோடு, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் கூடுதல் இடைவெளியோடு, இங்கே வந்தவை. பிஎம்டபிள்யூவுக்கு 3,105 மில்லிமீட்டர், பென்ஸுக்கு 3,094. அரை அங்குலம்கூட வித்தியாசம் கிடையாது. பெட்ரோலில் பிஎம்டபிள்யூ 530 எல்ஐ 258 குதிரைத்திறன், பென்ஸ் இ 200 204 குதிரைத்திறன். காகிதத்தில் இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் நீங்கள் போவது வெள்ளக்கோவில், காங்கேயம், பல்லடம் வழியாக, நூல் லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில். அங்கே இந்தக் கூடுதல் சக்தி பெரிதாகப் பயன்படாது. நீங்களே ஓட்டுவதாக இருந்தால் பிஎம்டபிள்யூ. பின் சீட்டில் அம்மா உட்காருவார் என்றால் பென்ஸ், அதில் பின் சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, இரண்டுமே தாழ்வான கார்கள். இன்னோவாவில் நிமிர்ந்தபடி ஏறி இறங்கிப் பழகியவர் இவற்றில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும், எழும்போது முழங்காலில் கையை ஊன்றி எழ வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவைக் கூட்டிப் போனீர்களா? கடிதத்தில் அவர் வயது இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்பது இல்லை.

சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

"அக்கா அவசரப்படவில்லை, கேட்கிற ஆளும் இல்லை." கார்களைப் பற்றி அத்தனை எழுதிவிட்டு, போகிற போக்கில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்த வரி எனக்குப் புதிதல்ல. வீடு கட்டப் போகிறேன், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன், மில்லுக்கு இன்னொரு மெஷின் போடப் போகிறேன் என்று காரணம் மாறி மாறி வரும். பணம் மட்டும் எப்போதும் அக்காவுடையதாகவோ தங்கையுடையதாகவோ இருக்கும். எழுதுகிறவர் எப்போதும், அவள் கேட்க மாட்டாள் என்பார்.

அவர் ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? பணம் தேவையில்லாததாலா? தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிற தாய்க்குப் பணம் தேவைப்படாதா? அடுத்து மண்டபம், நகை, துணிமணி, சமையல் என்று வரிசையாக நிற்கிறது. அந்தக் குடும்பம் இப்போது எங்கேயாவது வட்டிக்குக் கேட்டுக்கொண்டிருக்கும், அல்லது இருக்கிற நகையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியும் அவர் வாய் திறக்கவில்லை என்றால், பிறந்த வீட்டு வாசல் தனக்கு மூடிவிடக் கூடாது என்ற ஒரே காரணம்தான். அப்பா இல்லை. அம்மா இருப்பது தம்பி வீட்டில். பணத்தைப் பற்றிப் பேசித் தம்பி முகம் சுளித்துவிட்டால், அப்புறம் அம்மாவைப் பார்க்க வருவதற்கும் ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். நம் ஊரில் பெண்கள் இதற்குப் பயந்தே லட்சக்கணக்கில் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள் அவருடைய பெருந்தன்மை என்று கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து அந்த 20 லட்சம். 20 என்ற கணக்கை யார் போட்டது?

இடம் அப்பா சம்பாதித்து வாங்கியது என்கிறீர்கள். உயில் இருப்பதாகச் சொல்லவில்லை. அப்படியானால் 1956ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பலரும் மகளுக்கு உரிமை வந்ததே 1989லும் 2005லும்தான் என்று நினைக்கிறார்கள். அந்தத் திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. உயில் எழுதாத தகப்பனின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு 1956லேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டில் மூன்று வாரிசுகள். 1 கோடியே 5 லட்சத்தை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 35 லட்சம். அக்காவுக்கு 20 என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு எழுதவே இல்லை.

கல்யாணத்தின்போதே அக்காவுக்கு நிறையச் செய்தாயிற்று என்று சொல்வீர்கள். செய்தது உங்கள் அப்பா, தன் மகளுக்கு. அதைப் பங்கில் கழித்துக்கொள்ள சட்டம் உங்களுக்கு இடம் தரவில்லை. கழிப்பது நியாயம் என்று நானும் நினைக்கவில்லை. உங்கள் படிப்புக்கும் தொழிலுக்கும் அப்பா போட்ட பணத்தை யாராவது உங்கள் பங்கில் கழித்தார்களா? அம்மா என்னோடுதானே இருக்கிறார், அவருக்கு எதற்குப் பணம் என்றும் சொல்வீர்கள். மகனோடு இருப்பதற்காக ஒரு தாய் தன் பங்கைக் கட்டணமாகக் கட்ட வேண்டும் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. பேத்தி நிச்சயத்துக்குத் தன் கையால் ஒரு சங்கிலி போட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்காதா? அதற்கும் உங்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமா?

மூன்று பேர் கையெழுத்தும் இல்லாமல் அந்த இடத்தை விவரம் தெரிந்த யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பத்திர ஆபீஸுக்கு அக்காவை வரச் சொல்லும்போது அவர் வாரிசு. பணம் வந்த பிறகு அவர் "கேட்கிற ஆள் இல்லை." இது சரியில்லை தம்பி. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பணம் காரில் எங்கே போய்ச் சேரும் என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து சாலை வரி 20 சதவீதம். ஷோரூம் விலை 72 லட்சம் என்றால் வரி மட்டும் 14 லட்சத்து 40 ஆயிரம். இன்ஷூரன்ஸ், மற்றக் கட்டணங்கள், ஷோரூமில் தலையில் கட்டும் உபரிச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் அக்காவின் 20 லட்சம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அதில் ஒரு சக்கரம்கூட வந்திருக்காது. உங்கள் அப்பா வாங்கிப் போட்ட இடம், வண்டி தெருவுக்கு வரும் முன்னாலேயே வரியாகவும் ரசீதாகவும் போயிருக்கும்.

50 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 4 ஆயிரம். வட்டியாக மட்டும் 12 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். நான்கு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் காருக்கு இன்ஷூரன்ஸ் கணக்கில் மதிப்பு பாதிதான். செலவு என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் கணக்கு. இரண்டு காருக்கும் இது பொருந்தும்.

தாய்மாமன் முன்னே நின்று சீர் செய்ய வேண்டிய நிச்சயத்துக்கு, அந்தப் பெண்ணின் தாய் பணத்தில் வாங்கிய காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அக்கா எதுவும் சொல்ல மாட்டார். வாசலுக்கு வந்து, வண்டி நல்லா இருக்குடா என்றுதான் சொல்வார். அவர் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாள் தெரியவரும்.

செய்ய வேண்டியது இதுதான். கையில் 40 லட்சம் இருக்கிறது. அதில் 35 லட்சத்தை இந்த வாரமே அக்காவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். மாமா கணக்கில் வேண்டாம், அக்காவின் பெயரில் உள்ள கணக்கில். நேரில் போய், அப்பா இடத்தில் உன் பங்கு என்று சொல்லிக் கொடுங்கள், சீர் என்று சொல்லாதீர்கள். சீர் தனி. அவர், எனக்கு வேண்டாம், தொழிலுக்கே வச்சுக்கோ என்பார். எல்லா அக்காக்களும் ஒரு தடவை அப்படிச் சொல்வார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

மீதி 5 லட்சம் அம்மாவுக்கு. இன்னும் 30 லட்சம் அவருக்குத் தர வேண்டும், அது உங்கள் தொழிலில் இருக்கிறது. கார் தவணை சிரமமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 1 லட்சத்து 4 ஆயிரத்தை மாதாமாதம் அம்மா கணக்கில் போடுங்கள். 29 மாதத்தில் கடன் தீரும். சேரச் சேர தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் போட்டு வையுங்கள். உச்சவரம்பு 30 லட்சம், இப்போதைய வட்டி 8.2 சதவீதம். முழுத் தொகை சேர்ந்ததும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் அவர் கைக்கு வரும். அதை அவர் கோயிலுக்குக் கொடுப்பாரோ பேத்திக்குக் கொடுப்பாரோ, அது அவர் இஷ்டம்.

அக்காவை இரண்டு வருஷம் காக்க வைக்கலாம் என்றால் நீங்களும் காக்கலாம். இன்னோவா இன்னும் ஓடும். அதற்குள் 2024ல் வந்த இந்த இரண்டு கார்களும் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கிக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பதிவான வண்டியாகப் பாருங்கள், ஆயுள் வரியை முதல் ஓனர் கட்டியிருப்பார். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருக்க வேண்டும். சென்னை வண்டி என்றால் மழை வெள்ளத்தில் நின்றதா என்று கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த முறை பின் சீட்டில் அம்மாவை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.