மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் போட்டால் பிளக் சுடுகிறது, பாதி ராத்திரியில் நின்றுவிடுகிறது

முதலில் 15 ஆம்பியர் சாக்கெட்டை மாற்றுங்கள். சர்வீஸ் சென்டரில் காரில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றால், பெரும்பாலும் பிரச்சினை சுவரில்தான்.

3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். கீசர் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். கார் விடியும் வரை இழுக்கும். பழைய சாக்கெட்டில் பிடி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். சில சார்ஜர்கள் சூட்டை உணர்ந்து தானே நிறுத்திக்கொள்ளும்.

மெயினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் உலோகக் கால் கறுத்திருக்கிறதா, சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பேறி இளகியிருக்கிறதா? இருந்தால் இன்று இரவு அதில் போடவே வேண்டாம். அடையாளம் எதுவும் இல்லை, உங்கள் காரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருக்கிறது என்றால் 10-இல் வைத்துப் பாருங்கள். நேரம் கூடும், ஆனால் சூடு அடங்கினால் அதிக ஆம்பியரில்தான் இணைப்பு சூடாகிறது என்று தெரியும்.

சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாமலும் போகலாம். எலக்ட்ரீசியனிடம் பின்னால் வரும் ஒயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் தனி லைன், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், புது சாக்கெட்டிலும் சுட்டால் சார்ஜரின் பிளக்கே போயிருக்கலாம். அப்போது சர்வீஸ் சென்டருக்குச் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள்.