மழையில் வெனிஸ்: எதை முதலில் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவம்பர் கடைசியில் நானும் அப்பாவும் வெனிஸ் போகிறோம். இரண்டே நாள். அந்த மாதத்தில் மழை நிச்சயம் என்கிறார்கள். மழை பெய்தால் காலையிலேயே அக்காதெமியா கலைக்கூடத்துக்குள் போய்விட்டு, மழை விட்டபின் தேவாலயங்களைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. வெள்ளம் வந்தால் என்ன செய்வது? ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் திட்டத்தை அப்படியே தலைகீழாக்குங்கள். கலைக்கூடத்தில் மின்விளக்கு இருக்கிறது. தேவாலயத்தில் பெரும்பாலும் சன்னல் வெளிச்சம்தான். நவம்பர் கடைசியில் வெனிஸில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மேகம் மூடிய நாளென்றால் மூன்றரைக்கே உள்ளே படம் மங்கிவிடும். மழை விடட்டும் என்று காத்திருந்தால் இருட்டில்தான் போய் நிற்பீர்கள். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டரை வரை தேவாலயங்களுக்கு, அதன் பிறகு கலைக்கூடத்துக்கு.

முதலில் வெள்ளத்தைப் பற்றி. நம் ஊர் வெள்ளம்போல அது மழைநீர் தேங்கி வருவதல்ல. கடல் ஏற்றம், அட்ரியாட்டிக்கின் நீரை வடக்கே தள்ளும் சிரோக்கோ காற்று, குறைந்த காற்றழுத்தம் மூன்றும் சேரும்போது கடல்நீர் கால்வாய்களில் உயர்ந்து, தரையிலுள்ள வடிகால் துளைகள் வழியாக மேலே வருகிறது. கொட்டும் மழையிலும் தரையில் வெள்ளம் இல்லாமல் இருக்கலாம். மழையே இல்லாத நாளிலும் வரலாம். ஆகவே வானிலையோடு நகராட்சியின் ஓத (கடல் ஏற்ற) முன்னறிவிப்பையும் பாருங்கள். அதில் நீர்மட்டம் 80 சென்டிமீட்டர் என்றால் சான் மார்க்கோ சதுக்கத்தின் தாழ்ந்த இடங்களில் நீர் ஏறத் தொடங்கும். 110ஐத் தொடும் என்று கணித்தால் கடல்வாயில்களில் உள்ள மோசே தடுப்புக் கதவுகளை உயர்த்துவார்கள். முதன்முறை உயர்த்தியது 2020 அக்டோபரில். நீங்கள் சந்திக்கக்கூடியது இந்த இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட நீர்தான். உச்சம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், முக்கிய வழிகளில் பலகை நடைமேடை போடுவார்கள். பூட்ஸ் வேண்டாம். தேவைப்பட்டால் காலணிமேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை அங்கேயே தெருவில் விற்பார்கள். பயப்பட வேண்டியது வேறொன்று: பாலங்களின் படி விளிம்பிலுள்ள இஸ்திரியக் கல் என்ற வெள்ளைக் கல். தேய்ந்து வழவழத்த கல், நனைந்தால் வழுக்கும். அப்பா கைப்பிடி ஓரமாகவே ஏறி இறங்கட்டும். சந்துகள் குறுகல், எதிரெதிரே இரண்டு குடை போகாது. தொப்பி வைத்த மழைச்சட்டைதான் வசதி.

காலை பத்துக்கு சான் ஸக்காரியா. இதுபோன்ற பங்குக் கோயில்கள் பல நண்பகலில் மூடிவிடும் என்பதால் இதுவே முதலில். இடப்பக்கச் சுவரில் ஜியோவன்னி பெல்லினி 1505இல் முடித்த பீட ஓவியம். பக்கத்தில் காசு போட்டால் விளக்கெரியும் பெட்டி இருக்கிறது, ஆகவே 50 சென்ட், 1 யூரோ நாணயங்களை முதல் நாளே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே போட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிடம் இருட்டில் நின்று கண் பழகட்டும். படத்தில் வரைந்த தூண்கள் சட்டத்தின் கல் தூண்களோடு தொடர்வதை அந்த மங்கலில்தான் சரியாக உணர முடியும். பிறகு விளக்கு, நிறங்களுக்காக. வார்னிஷில் விளக்கு பளிச்சிட்டால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.

தேவாலயம் முன்னால் வர இன்னொரு காரணமும் இதில் இருக்கிறது. இதே பெல்லினியின் சான் ஜியோபே பீட ஓவியம் அக்காதெமியாவில் தொங்குகிறது, அதன் கல் சட்டமோ சான் ஜியோபே தேவாலயத்திலேயே நின்றுவிட்டது. சட்டத்தோடு ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனால்தான், சட்டமில்லாத மற்றதில் அந்த வரைந்த தூண்கள் எதற்காக என்பது விளங்கும். அக்காதெமியாவிலுள்ள பெரிய படங்கள் பலவும் தேவாலயங்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் கழற்றிக் கொண்டுவந்தவை.

அங்கிருந்து நடக்க வேண்டாம். ஸக்காரியா படகுத்துறையில் 1ஆம் எண் வாப்பொரெட்டோ (படகுப் பேருந்து) ஏறி, கிராண்ட் கால்வாய் வழியே சான் தோமாவில் இறங்குங்கள். பல பாலங்கள் மிச்சம்.

அருகிலுள்ள ஃப்ராரி தேவாலயத்தில் நேரத்தைச் செலவழியுங்கள். டிஷியனின் மாதா விண்ணேற்பு (1516–18) கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரம், சுற்றிலும் உயரமான கோதிக் சன்னல்கள். வெயில் நாளில் அவற்றின் ஒளி கண்ணில் அடித்து, படம் கறுத்துத் தெரியும். மேகமூட்டத்தில் அந்தக் கூச்சம் அடங்கி, சிவப்பு உடைகள் தனியாக எழுந்து வரும். இந்த ஒரு படத்துக்கு மழை நாளே நல்ல நாள் என்பேன். முதலில் நடுக்கூடத்தில் நின்று, பாடகர் மேடைத் தடுப்புச் சுவரின் வளைவுக்குள் படம் அடங்கித் தெரிவதைப் பாருங்கள், பிறகு உள்ளே போங்கள். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கழற்றி அக்காதெமியாவில்தான் வைத்திருந்தார்கள். 1919இல்தான் திரும்பி வந்தது. டிஷியனின் பெசாரோ மாதா இடப்பக்க நடையில். மாதா நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருப்பது, வாசலிலிருந்து நடந்து வருபவரின் சாய்ந்த பார்வைக்காக. நேர் எதிரே போய் நின்று படமெடுப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். உள்ளே நல்ல குளிர், அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும்.

அடுத்த வாசல் சான் ரோக்கோ மண்டபம். டிண்டொரெட்டோவின் விதானப் படங்களைக் கழுத்தொடியப் பார்க்க வேண்டாம், கையில் பிடித்து விதானத்தை அதில் பார்க்க அங்கேயே முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். கால் ஓய்வுக்கும் இதுவே இடம்.

மூன்று மணிக்கு சான் தோமாவிலிருந்து 1ஆம் எண்ணில் இரண்டாவது நிறுத்தம், அக்காதெமியா. குடையையும் முதுகுப்பையையும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பணம், கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோர்ஜியோனேயின் 'புயல்' சிறிய படம், உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. அறைகளை மாற்றி அமைப்பதுண்டு, எங்கே என்று நுழைவிலேயே கேட்டுவிடுங்கள். மின்னல் வெட்டுகிறது, ஒரு துளி மழை கிடையாது! வெரொனீஸின் 'லேவி வீட்டு விருந்து' அதற்கு நேரெதிர், ஏறக்குறைய 13 மீட்டர் அகலம். இயேசுவின் இறுதி இராவுணவாக வரைந்து, 1573இல் மத விசாரணை மன்றம் கோமாளிகளும் ஜெர்மானிய வீரர்களும் எதற்கு என்று கேட்டதால், படம் அப்படியே இருக்கப் பெயர் மாறியது. டிஷியனின் 'மாதா ஆலயத்தில் காணிக்கையாதல்' வேறு எங்கிருந்தும் வரவில்லை. கலைக்கூடம் ஆவதற்கு முன் இந்தக் கட்டடம் கரிதா என்ற பக்திச் சபையின் மண்டபம். அதன் சுவருக்காகவே 1530களில் வரைந்த படம், அதே சுவரில் இருக்கிறது. கீழ் விளிம்பில் கதவுகளுக்காக வெட்டிய இடங்களைப் பாருங்கள்.

கிழமையைக் கவனியுங்கள். ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் தேவாலயங்களுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். திங்களன்று அக்காதெமியா பிற்பகல் இரண்டு மணியோடு மூடிவிடும். மழை திங்களில் விழுந்தால் மட்டும், பிற்பகலை சான் ரோக்கோவுக்குக் கொடுத்துவிட்டு, அக்காதெமியாவை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.